அலை உடையாத இடம்

அந்தக் குடும்பத்தில் பெரியவரிடம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் யாராவது ஒருவர் அதை மீறியாவது பார்த்திருப்பார்கள். பழக்கம் சட்டத்தைவிடக் கெட்டியானது. அவருக்குப் பிடிக்காத விஷயம் எதுவானாலும் முதலில் அவர் தம்பியின் காதில் போட வேண்டும். தம்பி அதைத் தன் அண்ணியிடம் கொண்டுபோவான். அண்ணி வாங்கி வைத்துக்கொண்டு, பெரியவர் சாப்பிட்டு, பல் குத்தி, செய்தி பார்த்து, முகம் இளகுகிற நேரமாகப் பார்த்து, யாருடைய குறையாகவும் தெரியாதபடி அதை அவர் பக்கமாக நகர்த்தி விடுவாள். மறுநாள் காலையில் அது பெரியவரின் சொந்த யோசனையாக வெளியே வரும். குளியலறைத் தாழ்ப்பாளை மாற்றுவதற்கு இப்படி ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்க உள்ளே போனவர்கள் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்கள்.

தம்பியின் மனைவி இந்த ஏற்பாட்டுக்குத் தன் மனசுக்குள் வைத்திருந்த பெயர் தபால். அதை அவள் முழுமனதாக வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே ஒரு நாள் தவறாமல் பயன்படுத்தினாள். கல்யாணமாகி வந்த புதிதில் பெரியவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளும் கேட்கவில்லை. மகள் பிறந்த பிறகு, 'பெரியப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு' என்று குழந்தை வழியாகப் பேசிப் பேசியே வண்டி ஓடிவிட்டது.

அவள் வேலை பார்த்தது அறிவிப்புப் பலகைகள் தயாரிக்கும் ஒரு பட்டறையில். 'இங்கே குப்பை கொட்டாதீர்', 'தரை வழுக்கும்', 'நாய் ஜாக்கிரதை' எல்லாம் அங்கேதான் பிறந்தன. கடற்கரைகளுக்கான எச்சரிக்கைப் பலகைகளை வரைவது அவள் பொறுப்பு. கடல் எப்படி ஆளை உள்ளே இழுக்கிறது என்பதை நீலத்தில் ஒரு பட்டையும் அதன்மேல் வெள்ளை அம்புமாக எத்தனையோ முறை வரைந்திருக்கிறாள். அலைகள் மணல்திட்டுகளின் மேல் உடைந்து கரைக்கு வரும். வந்த தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். இரண்டு திட்டுகளுக்கு நடுவே பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒன்றுகூடி ஓடும். பள்ளத்தின் மேல் அலை உடையாது. அதனால் பார்ப்பதற்கு அதுதான் இருப்பதிலேயே சாதுவான இடம்.

நகராட்சியிலிருந்து வருகிற அதிகாரி, படத்தில் மூழ்குகிறவன் கையைத் தூக்கிக்கொண்டிருப்பது பயமாக இருக்கிறது என்பார். "கொஞ்சம் சிரிச்ச முகமா போடுங்க மேடம். சுத்திப் பாக்க வர்றவங்க பயந்துடக் கூடாது." அவள் சிரிக்கவைத்தாள். மூழ்கும்போது சிரிக்கிற மனிதன் ஒருவன் இன்றைக்கும் பல கடற்கரைகளில் நின்றுகொண்டிருக்கிறான். ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரைகளுக்கும் பலகை வேண்டாமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். "அங்க யாரு வந்து படிக்கப்போறாங்க?" என்றார் அதிகாரி. நாட்டில் அறிவுக்குப் பஞ்சம் வரவே வராது என்று அவள் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். எல்லோரும் அவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தார்கள்.

விடுமுறைக்குக் கடலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது பெரியவர். டயர் மொத்த வியாபாரக் கடையின் மேலாளரான அவர், அதற்கு முந்தைய மாதம் முழுவதும் அலைச்சறுக்கு வீடியோக்கள் பார்த்தார். சோபாவில் படுத்துக்கொண்டு, மார்பின் மேல் போனை நிறுத்தி, அவ்வப்போது "இவன் திரும்புற டைமிங் தப்பு" என்று தீர்ப்பும் சொன்னார். வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சறுக்குப் பலகைமேல் நின்றதில்லை. மார்போடு ஒட்டிப்பிடிக்கும் கறுப்புச் சட்டை ஒன்றும், நூறு அடி ஆழத்துக்குத் தாங்கும் கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கிக்கொண்டார். தம்பி மகளுக்குப் படுத்து மிதக்கிற நுரைப் பலகை ஒன்று. அதன்மேல் ஒரு டால்பின் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. சிட்டு என்று வீட்டில் கூப்பிடும் ஒன்பது வயதுக்காரி அன்றிரவு அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

முதல் நாள் காலையில் ஊரின் பெரிய கடற்கரையைக் காரிலேயே கடந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு இடங்களில் நடப்பட்டிருந்தன. நடுவே ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு குளித்தார்கள். உயரமான மேடையில் உயிர்காக்கும் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"கூட்டத்துல குளிக்கறதுக்கு நம்ம வீட்டு பாத்ரூமே போதும்" என்றார் பெரியவர், வேகத்தைக் குறைக்காமல். "கடலைத் தேர்ந்தெடுக்கறது ஒரு கலை. தண்ணியப் படிக்கத் தெரியணும். என்ன போர்டு மேடம், நான் சொல்றது சரிதானே?"

போர்டு மேடம் என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். கேள்வி அவளுக்கு என்றாலும் பதில் தம்பியிடமிருந்து வந்தது. "சரிதாண்ணா."

தார்ச்சாலை தீர்ந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். கடற்கரையில் ஓர் ஆள் இல்லை. தூரத்தில் அலைச்சறுக்குக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கடலுக்குள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். மேட்டில் நின்று, இடுப்பில் கைவைத்து, பெரியவர் கடலைப் படித்தார்.

"இந்தப் பக்கம் அலை. அந்தப் பக்கமும் அலை. நடுவுல பாருங்க, குளம் மாதிரி. குழந்தைங்களுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு."

அவள் பார்த்தாள். இருபுறமும் வெள்ளை வெள்ளையாக அலைகள் உடைந்தன. நடுவில் மட்டும் கருநீலமாக, அகலமான தெரு ஒன்று கரையிலிருந்து கடலுக்குப் போனது. அதன் மேல் நுரைத்துணுக்குகள் கரைக்கு வராமல் வெளிப்புறமாக நகர்ந்துகொண்டிருந்தன. தெரு முடிகிற இடத்தில் தண்ணீர் கலங்கி, மணல் நிறத்தில் குடைபோல் விரிந்திருந்தது. அவள் வரைந்த பட்டையேதான். அம்பு மட்டும் இல்லை.

அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது பயம் அல்ல. சந்தோஷம். இத்தனை வருஷம் வரைந்ததை முதல்முறையாக நேரில் பார்த்த சந்தோஷம் பாதி. இந்த மனிதர் இத்தனை நீளக் கடற்கரையில் சரியாக இந்த ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து நிற்கிறாரே என்ற சந்தோஷம் மீதி. இறங்கட்டும் என்று தோன்றியது. முழங்கால்வரை போவார், கால் இடறும், உட்கார்ந்துவிடுவார், போட்டிருக்கிற கறுப்புக்கண்ணாடி போய்விடும், எழுந்து வரும்போது முகம் எப்படி இருக்கும். அந்த முகத்தை அவள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, தன் கடமையைச் செய்துவிட வேண்டும் அல்லவா, கணவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த இடம் நல்லா இல்ல. தண்ணி வெளிய இழுக்குது."

அவன் பின்கழுத்தில் கிரீம் தடவிக்கொண்டிருந்தான். "நிஜமாவா?"

"இல்ல, பொழுது போகாம சொல்றேன்."

"கோவப்படாத. அண்ணிகிட்ட சொல்றேன்."

குடைக்குக் கீழே அண்ணி அவித்த முட்டைகளை உரித்து ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அண்ணி கடலைப் பார்க்கவில்லை. கணவரின் முதுகைப் பார்த்தாள், அதன் பருவநிலை எப்படி இருக்கிறது என்பதுபோல.

"இப்பத்தானே சந்தோஷமா இருக்கார். இப்ப போய்ச் சொன்னா நாள் முழுக்கக் கெட்டுப்போயிடும். ஒரு முழுக்குப் போட்டுட்டு வரட்டும். சாப்பிடும்போது பக்குவமா சொல்றேன்."

அவன் திரும்பி வந்தான். "சொல்லியாச்சு."

சொல்லியாச்சு என்ற சொல்லில் ஒரு நிம்மதி இருக்கிறது. சொன்னது யார், கேட்டது யார், கேட்டவர் என்ன செய்தார் என்று எதுவும் அதில் கிடையாது. வேலை முடிந்தது என்கிற உணர்வு மட்டும் இருக்கிறது. அவளும் அதை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, உள்ளே போயிருந்த மணலைத் தட்டினாள்.

நிமிர்ந்தபோது பெரியவர் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, டால்பின் பலகையை மறுகையில் அணைத்தபடி, சிட்டு.

அப்போதே ஓடியிருக்கலாம். அவள் ஓடவில்லை. முதலில் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். உங்கள் குடும்பத்தின் லட்சணத்தைப் பார்த்தாயா என்கிற பார்வை. அவளிடம் நன்றாகப் பழுத்திருந்த பார்வை அது. அவனுக்குப் போய்ச் சேரும்வரை நிறுத்திப் பிடித்துப் பார்த்தாள். அதற்கு எவ்வளவு நேரம் செலவானதோ, அவ்வளவு நேரத்தில் தண்ணீர் சிட்டுவின் இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியிருந்தது.

பிறகு எல்லாம் சத்தமே இல்லாமல் நடந்தது. அலை எதுவும் வந்து அடிக்கவில்லை. யாரும் விழவில்லை. இருவரும் நின்ற நிலையிலேயே, நகரும் படிக்கட்டில் ஏறியவர்கள்போல, கரையைவிட்டு விலகிப் போனார்கள். பெரியவர் திரும்பினார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத அவர் முகத்தை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள். தரை எட்டவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சிட்டுவின் கையை விட்டார். கரையை நோக்கி நேராக, பெரிய பெரிய வீச்சாக நீந்தத் தொடங்கினார். நீந்த நீந்தப் பின்னால் போனார்.

அவள் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். வாயைத் திறந்தாள். இந்த மனிதரை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"யோவ்" என்றாள். அடிவயிற்றிலிருந்து வந்தது. "யோவ், நீந்தாதய்யா. கரைக்கு நீந்தாத. செத்துப்போவ. போர்டப் பிடி. போர்டப் பிடிச்சுக்கிட்டு சும்மா மித."

பின்னால் அண்ணி, "அய்யோ, என்ன பேசறா இவ" என்றது கேட்டது.

"சிட்டு, படுத்துக்கோ. போர்ட விடாத. அது எங்க கூட்டிட்டுப் போனாலும் போ. ஒரு கைய மட்டும் தூக்கு."

சிட்டு படுத்துக்கொண்டாள். ஒரு கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல நேராகத் தூக்கினாள்.

கணவன் சட்டையோடு தண்ணீருக்குள் பாய்ந்தான். அவள் அவன் சட்டைக் காலரை எட்டிப் பிடித்து இழுத்தாள். துணி கிழிந்தது.

"விடு, என் பொண்ணுடி."

"மிதக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம போனா நீயும் போயிடுவ. போன் எடு. காவலுக்கு அடி."

"நம்பர்?"

அவள் சொன்னாள். தான் வரைகிற ஒவ்வொரு பலகையின் கடைசி வரியிலும் இருக்கிற எண். அவன் விரல்கள் கிரீமில் வழுக்கின.

காவலர்கள் வருவதற்குள், உள்ளேயிருந்த அலைச்சறுக்குக்காரர்களில் ஒருத்தி சிட்டு தூக்கிய கையைப் பார்த்துவிட்டாள். சுருட்டை முடிக்காரி. தன் நீளப் பலகைமேல் படுத்து, கைகளால் துழாவிக்கொண்டு வந்தாள். சிட்டுவின் பலகைக் கயிற்றைப் பிடித்தாள். கரையை நோக்கி வராமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போனாள், அலைகள் உடைகிற வெள்ளைப் பகுதிவரைக்கும். அங்கே போனதும் அலைகளே அவர்களைத் தள்ளிக் கொண்டுவந்தன. தொலைவில் கரை சேர்ந்தபோது மூன்று பேர் இருந்தார்கள். முன்னால் சுருட்டை முடிக்காரி, நடுவில் டால்பின்மேல் சிட்டு, அந்த டால்பினின் வாலை இரண்டு கைகளாலும் பற்றித் தொங்கிக்கொண்டு பெரியவர்.

சிட்டுவைத் தூக்கிக்கொண்டபோது உடம்பு ஐஸாக இருந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. மூச்சு ஒழுங்காக வந்தது. அதைத்தான் அவள் திரும்பத் திரும்பக் காதுவைத்துக் கேட்டாள். பெரியவர் நாலு காலில் நின்று கடல் தண்ணீரைக் கக்கினார்.

"யாரு இங்க எறங்கச் சொன்னது?" என்றாள் சுருட்டை முடிக்காரி.

எல்லோரும் மணலைப் பார்த்தார்கள்.

"நாங்க கஷ்டப்படாம உள்ள போற வழி இது. லிஃப்ட் மாதிரி. இதுல போய்க் குழந்தையோட நிக்கறீங்க."

"திடீர்னு மாறிடுச்சும்மா" என்றார் பெரியவர், வாயைத் துடைத்துக்கொண்டு.

"காலைலேருந்து இப்படியேதான் சார் இருக்கு." அவள் பலகையை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அண்ணி நீட்டிய முட்டையை வாங்கிக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாட்டு மேஜையில் கதை உருவானது. பெரியவரே பரிமாறினார். குழந்தை பயந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பலகையைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தாராம். "நான் மட்டும் பதட்டப்பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தம்பியும் ஆட்டினான், கிழிந்த காலரோடு. கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதற்கு உத்தரவாதம் இருக்கிறதா என்பதைப் பற்றி ஒரு நீண்ட பேச்சு நடந்தது.

சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் கணவன் அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். துவைத்த துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அண்ணி சொன்னாங்க. அண்ணாவுக்கு அந்த வார்த்தை கொஞ்சம் மனசுல பட்டுடுச்சாம்."

"எந்த வார்த்தை?"

"அதான். யோவ்."

அவள் அவனையே பார்த்தாள். "சாகப்போறார்ங்கற செய்தி சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்கணும். யோவ் மட்டும் எக்ஸ்பிரஸ்ல வருமா?"

"அவர் வயசுக்கு…"

"அவர் உன் பொண்ணு கையை விட்டார். பாத்தியா?"

அவன் துணியைத் திருகுவதை நிறுத்தினான். பார்த்திருந்தான். "பாத்தேன்" என்றான். துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுக்கத் தொடங்கினான். ஒன்றுகூட இன்னும் காயவில்லை.

சாயங்காலம் குளியலறையில் சிட்டுவின் தலையிலிருந்து மணலை அலசினாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், எங்கே தொட்டாலும் மணல். சிட்டு கண்ணை மூடிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அங்க இழுக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப?"

"கார்லேருந்து எறங்கினதும்."

தண்ணீர் சிட்டுவின் முதுகில் இறங்கி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் சொல்லல?"

"அப்பாகிட்ட சொன்னேன்."

"என்கிட்ட?"

குவளை அவள் கையில் நின்றது. இதற்குப் பொறுப்பாளி யார் என்று மனம் வழக்கம்போலத் தேடிக்கொண்டு போனது. பெரியவரிடம் போனது. அண்ணியிடம், கணவனிடம், சிரித்த முகம் கேட்ட அதிகாரியிடம். எல்லோரிடமும் கொஞ்சம் பொறுப்பு இருந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர்கள் யாரும் பொருந்தவில்லை. இவர்கள் நடுவே இருந்தாலும் தான் இவர்களோடு சேர்த்தி இல்லை என்று அவள் நம்பியிருந்தாள். இவர்களை வெறுப்பதே அதற்குப் போதுமான சான்று என்று நினைத்திருந்தாள். தபாலைக் கேலி செய்தாள், தபாலில் போட்டாள். மற்றவர்கள் பயத்தால் வாயை மூடிக்கொண்டார்கள். இவள் மூடிக்கொண்டது வேடிக்கை பார்ப்பதற்காக.

பொய் சொல்லலாம். ஒன்பது வயதுக்கு ஏற்ற பொய்கள் நிறைய இருக்கின்றன.

"பெரியப்பா விழணும்னு நெனச்சேன்" என்றாள். "கொஞ்சமா. நீயும் கூடப் போவன்னு நெனக்கல."

சிட்டு கண்ணைத் திறந்தாள். சோப்பு எரிந்திருக்க வேண்டும், துடைத்துக்கொள்ளவில்லை. "விழுந்தா உனக்கு என்ன கிடைக்கும்?"

"தெரியல."

"ம்" என்றாள் சிட்டு. குவளையை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, மீதித் தண்ணீரைத் தானே ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை காரில் எல்லோரும் அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். பெரியவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது.

"வடக்கால ஒரு இடம் இருக்கு. வீடியோல பாத்தேன். ஈ காக்கா இருக்காது. நேத்து மாதிரி ஆகாது, நான் நல்லாப் பாத்துட்டேன்."

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். சிட்டுவின் அம்மா தொண்டையைச் செருமினாள். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தேடினாள். நேற்று வந்த வார்த்தை இன்றைக்கு வரவில்லை.

"பெரியப்பா" என்றாள் சிட்டு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நசுங்கியபடி. "அங்க வேணாம். கொடி நட்டிருக்காங்களே, அங்க போலாம். காவல் இருக்கற இடத்துக்கு."

பிஸ்கட் பொட்டலத்தின் சரசரப்பு நின்றது. கண்ணாடியில் பெரியவரின் கண்கள் பின்னால் வந்தன.

"ஏன், பயமா?"

"ஆமா."

"சரி" என்றார் பெரியவர். திரும்பும் விளக்கைப் போட்டு வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவுதான் நடந்தது. வானம் இடியவில்லை. அவர் முகம்கூட மாறவில்லை. அண்ணி ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் உத்தியோகம் போனது தெரியாமல் மென்றாள். இத்தனை வருஷமும் இது இவ்வளவு மலிவாகவே கிடைத்துக்கொண்டிருந்ததா என்று சிட்டுவின் அம்மாவுக்குக் காதுமடல் சுட்டது. பெரியவரை ஒரு பூதமாக நினைத்தால்தான் தான் வாயை மூடியிருந்ததற்கு ஒரு மரியாதை இருந்தது. இவரோ கேட்டால் 'சரி' என்று சொல்லக்கூடிய சாதாரண டயர்க்கடை மேலாளர்.

பெரிய கடற்கரையில் கூட்டம் நேற்றைவிட அதிகம். பெரியவர் குடையை நட்டுக்கொண்டு, மணல் சரியில்லை என்று அலுத்துக்கொண்டார். சிட்டு தண்ணீருக்கு ஓடவில்லை. கரையோரத்தில் நின்று, அலைகள் எங்கே உடைகின்றன, எங்கே உடையவில்லை என்று வெகுநேரம் பார்த்தாள். அம்மா அருகே போய் நின்றாள். கேட்பாள் என்று காத்திருந்தாள். சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. பட்டை, பள்ளம், நுரை போகும் திசை.

சிட்டு திரும்பி, பலகையை இழுத்துக்கொண்டு, அம்மாவைத் தாண்டி நடந்தாள். காவலரின் மேடைக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றாள்.

"அங்கிள், நான் எங்க எறங்கலாம்?"

அவர் குனிந்து, கையை நீட்டி, அவளுக்குக் காட்டினார்.